பார்த்துத்தான் சொல்லணும்

முப்பது வருஷமாக எனக்கு ஒரு வேலைக்குச் சம்பளம் தருகிறார்கள். மற்றவர்கள் பேசாமல் பார்த்துக்கொள்ளும் வேலை. திருப்பதியில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் நான் உதவி நூலகர். வாசிப்பு அறையில் யாராவது குசுகுசுவென்று ஆரம்பித்தால் மேஜையிலிருந்து தலையைத் தூக்கிப் பார்ப்பேன். அவ்வளவுதான், அடங்கிவிடும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. அந்த வேலையை அளவுக்கு மீறி நன்றாகச் செய்துவிட்டேன் என்பது இந்த ஒன்றரை வருஷமாகத்தான் தெரிகிறது. இப்போது என்னிடம் யாருமே பேசுவதில்லை.

மனைவி பெங்களூரில் இருக்கிறாள். மகளுக்குப் பிரசவம், மூன்று மாசம் இருந்துவிட்டு வருகிறேன் என்று போனாள். குழந்தை பிறந்தது, கவிழ்ந்தது, தவழ்ந்தது, நடந்தது, இப்போது வீடியோ காலில் என் முகத்தைப் பார்த்ததும் போனைத் தூக்கி எறிகிறது. அந்த மூன்று மாசம் மட்டும் இன்னும் முடியவில்லை. சண்டை கிண்டை ஒன்றும் கிடையாது. மகள் வேலைக்குப் போக வேண்டும், குழந்தையைப் பார்க்க ஆள் வேண்டும்.

சொந்த வீடு சித்தூரில் பூட்டிக் கிடக்கிறது. நான் வாரநாட்களில் திருப்பதியில், அலிபிரி போகிற ரோட்டில் ஒரு மாடி அறையில் இருக்கிறேன். சனிக்கிழமை காலை பாசஞ்சர் பிடித்து, பாகாலாவில் ஒரு டீ குடித்து, சித்தூர் போய் வீட்டைத் திறப்பேன். ஜன்னல்களைத் திறப்பேன். கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவேன். ஞாயிறு சாயங்காலம் திறந்ததையெல்லாம் மூடிவிட்டுத் திரும்புவேன். செடி என்னோடு பேசாது. ஆனால் நான் ஒரு வாரம் வராவிட்டால் வாடிப்போகிறது. இப்போதைக்கு என்னை எதிர்பார்த்து ஒரு ஜீவன் வாடுகிறது என்றால் அது அந்தச் செடிதான்.

சித்தூரில் எதிர்வீட்டு அம்மா ஒருத்தி உண்டு. நாற்பது, நாற்பத்தைந்து வயது இருக்கும். நான் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தால் அவள் கேட்டைத் திறந்துகொண்டு தலையை நீட்டுவாள்.

“இன்னாண்ணா, அண்ணி எப்போ வருது?”

“அடுத்த மாசம்மா.”

“ஆங்.”

கேட் மூடிக்கொள்ளும். ஒவ்வொரு சனிக்கிழமையும் இதே மூன்று வரிதான். திருப்பதியில் அதுவும் கிடையாது. டீக்கடைக்காரர் என்னைக் கண்டதும் சர்க்கரை போடாத டீயை நீட்டிவிடுகிறார், நான் வாய் திறக்கவே வேண்டாம். வாரத்தில் என்னை அதிகம் கேள்வி கேட்பது ஏடிஎம் இயந்திரம்தான். உங்களுக்கு எந்த மொழி வேண்டும் என்று ஆசையாகக் கேட்கும். கேட்டுவிட்டு, என் மொழி மட்டும் இல்லாத பட்டியலைக் காட்டும்.

என் பெயரின் கதையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் தேவைப்படும். நான் நகரி பக்கத்துத் தமிழன். எங்கள் வழக்கத்தில் இனிஷியல் என்பது அப்பாவின் பெயர். தெலுங்குக்காரர்களுக்கோ முன்னால் நிற்கும் எழுத்து குடும்பத்தின் வீட்டுப் பெயர். வேலைக்குச் சேர்ந்த அன்று குமாஸ்தா, “இனிஷியலை விரித்து எழுதுங்கள்” என்றார். நானும் பெருமையாக அப்பா பெயரை முழுசாக எழுதிக் கொடுத்தேன். அவர் அதை முன்னால் போட்டார். கதவில் பலகை எழுதியவர் முன்னால் இருப்பதை எழுதி முடித்தபோது பலகை முடிந்துவிட்டது. என் பெயருக்கு இடமில்லை. அன்றிலிருந்து நான் இந்த ஊரில் என் அப்பா. அப்பா பெயரோடு மரியாதைக்கு ஒரு ‘காரு’ சேர்த்துத்தான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள். முதல் வருஷம் இரண்டு முறை மனு கொடுத்தேன். மூன்றாவது முறை குமாஸ்தா, “ஏமண்டீ, ஆள் ஒருத்தர்தானே?” என்றார். யோசித்துப் பார்த்தேன், ஒருத்தர்தான். விட்டுவிட்டேன். வீட்டில் மனைவி என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவள் இல்லை, ‘ஏங்க’தான். ஆக, என் பெயர் ஆதார் அட்டையில் மட்டும் உயிரோடு இருந்தது.

விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் முதுகலை மாணவன் ஒருவன் ஐந்து புத்தகங்களின் பட்டியலோடு வந்தான். ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், வருஷம், பக்க எண் எல்லாம் அழகாக இருந்தன. இரண்டை எடுத்துக் கொடுத்தேன். மூன்று கிடைக்கவில்லை. கணினியில் தேடினேன். அடுக்குகளில் தேடினேன். தெரிந்த நூலகர்களுக்கெல்லாம் போன் போட்டேன். மூன்று நாள். ஒரு புத்தகம் இல்லை என்று சொல்வது எங்கள் தொழிலில் கொஞ்சம் மானப் பிரச்சனை. எங்கள் அட்டெண்டர் அம்மா புத்தூரிலிருந்து தினமும் ரயிலில் வருகிறவள். அவளை இரும்பு ஏணியில் மேலே ஏற்றிவிட்டு நான் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

“பார்த்து ஏறும்மா.”

“வுயுந்தா ஒன்னும் பயமில்ல சார். எலும்பு கட்டறதுக்குன்னே எங்க ஊரு கீது.” மேல் தட்டைத் துழாவிவிட்டுக் கேட்டாள்: “இந்த புக்கு கீதா இல்லியா, அத்த சொல்லுங்க மொதல்ல.”

“இருக்கணும்மா.”

“யாரு சொன்னாங்க?”

“அந்தப் பையனோட போன் சொல்லிச்சாம்.”

“போனு சொல்லிச்சா?” ஏணியில் நின்றபடியே சிரித்தாள். “எம் போனு தெனம் எனக்கு லோன் தரேன்னு சொல்லினு கீது சார்.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த மூன்று புத்தகங்களும் உலகத்தில் எங்கேயும் இல்லை. செயற்கை நுண்ணறிவு செய்து கொடுத்த புத்தகங்கள். முப்பது வருஷ அனுபவமுள்ள நான் மூன்று நாள் தேடியதை அவள் ஏணியில் நின்றபடி ஒரு கேள்வியில் கண்டுபிடித்துவிட்டாள். பையனைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். “உங்க லைப்ரரியில இல்லையா சார்? பரவாயில்லை சார்” என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனான்.

அந்தக் கோபத்தில்தான் துறைத் தலைவரைப் போய்ப் பார்த்தேன். பிள்ளைகளுக்குத் தகவலைத் தேடவும் சலிக்கவும் கற்றுக்கொடுக்க ஒரு வகுப்பு வேண்டும் என்றேன். அவர் நல்ல மனிதர், படிவங்களில் நம்பிக்கை உள்ளவர். புதன்கிழமை மூன்று மணி காலியாக இருந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு வரும் நேரம் என்பதால் யாரும் கேட்டு வாங்காத மணி. ஒரு செமஸ்டருக்குத் தருகிறேன் என்றார். ஆனால் வகுப்பு தொடங்கும் முன் ஒரு தேர்வு, முடிந்த பிறகு அதே கேள்விகளுக்கு இன்னொரு தேர்வு. மதிப்பெண் ஏறியிருந்தால் அடுத்த வருஷமும் அந்த மணி எனக்கு. ஏறாவிட்டால் ஆளுமை வளர்ச்சிப் பயிற்சி என்று வெளியிலிருந்து ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார், அவருக்கு. நான் பிறகு கைவைக்க முடியாதபடி, எந்த விடைக்கு எவ்வளவு மதிப்பெண் என்ற விடைத்தாளை முன்கூட்டியே எழுதி, உறையில் போட்டு, அரக்கு வைத்து அவரிடம் கொடுத்துவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

இருபது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு விடை, நான்கு கட்டம். அச்சடித்துப் பார்த்தால் வலது ஓரத்தில் இடம் மிச்சமிருந்தது. எனக்குக் காலி இடத்தைக் கண்டால் கை சும்மா இருக்காது. ஐந்தாவதாக ஒரு கட்டம் போட்டு ‘பார்த்துத்தான் சொல்லணும்’ என்று தெலுங்கில் எழுதிவைத்தேன். வேடிக்கைக்குத்தான். உறைக்குள் போன விடைத்தாளில் அந்தக் கட்டத்துக்கு மதிப்பெண் பூஜ்யம். தெரியாது என்று சொல்கிறவனுக்கு யார் மார்க் போடுவார்கள்?

முதல் தேர்வில் ஒருவர்கூட ஐந்தாவது கட்டத்தைத் தொடவில்லை. எல்லோரும் பதினைந்து நிமிஷத்தில் முடித்துவிட்டார்கள். சரியோ தப்போ, ஒவ்வொரு டிக்கும் செதுக்கி வைத்த மாதிரி அழுத்தமாக இருந்தது. சராசரி இருபதுக்குப் பதினொன்று. குருட்டு அதிர்ஷ்டமும் பக்கத்து நண்பனின் தாளும் சேர்ந்தால் பதினொன்று வரும்.

வகுப்புகள் தொடங்கின. முதல் இரண்டு வாரம் நான் பேசினேன், மின்விசிறி பதில் சொன்னது. மூன்றாவது வாரம் நூலகக் கணினியையும் பட்டியலையும் ஓரம் வைத்துவிட்டு, மலையைப் பற்றிக் கேட்டேன். திருப்பதியில் படிக்கிற எந்தப் பிள்ளைக்கும் ஒரு உபத்திரவம் உண்டு. மாநிலத்தில் எந்த மூலையில் இருக்கும் சொந்தக்காரரும் போன் போட்டு, மேலே கூட்டம் எப்படி என்று கேட்பார்கள். பிள்ளை விடுதிக் கட்டிலில் படுத்திருக்கும். மலை ஏறி ஆறு மாசம் ஆகியிருக்கும். ஆனாலும் பதில் டாண் என்று வரும்: “கூட்டமே இல்ல மாமா, வாங்க.” மாமா குடும்பத்தோடு வந்து விடிய விடியத் தரிசன வரிசைக் கம்பிக்குள் உட்கார்ந்திருப்பார்.

“யாரெல்லாம் இப்படிச் சொல்லியிருக்கிறீர்கள்?” என்றேன். வகுப்பில் முக்கால்வாசிப் பேர் கை தூக்கினார்கள். கூச்சத்தோடு ஒரு சிரிப்பு பின் பெஞ்சிலிருந்து கிளம்பி முன் பெஞ்சுவரை வந்தது. நானும் கையைத் தூக்கினேன். அன்றைக்குத்தான் வகுப்பு விழித்துக்கொண்டது.

அதற்குப் பிறகு அந்த ஒரு வாக்கியத்தையே பாடமாக வைத்துக்கொண்டேன். சொன்னது யார், அவருக்கு எப்படித் தெரியும், எப்போது சொன்னார், வேறு யாராவது சொல்கிறார்களா. நான்குக்கும் பதில் இல்லையென்றால் வெட்கப்படாமல் ‘பார்த்துத்தான் சொல்லணும்’ என்று சொல். அதைச் சொல்லத் தெரிந்தவன்தான் படித்தவன். இப்படி வாரா வாரம் முழங்கினேன். ஒரு பையன் தன் சித்தப்பாவிடம் நிஜமாகவே அப்படிச் சொல்லிவிட்டானாம். “திருப்பதியிலேயே இருந்துகிட்டு இதுகூடத் தெரியாதா, உன்ன எதுக்குடா படிக்க வைக்கிறோம்” என்று சித்தப்பா திட்டினாராம். வகுப்பே அவனுக்குக் கை தட்டியது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சட்டைக்கு இஸ்திரி போட ஆரம்பித்தேன். அட்டெண்டர் அம்மா கண்ணுக்கு எதுவும் தப்பாது.

“இன்னைக்கு புதன்கெயமையா சார்?”

“ஆமாம், ஏன்?”

“ஒன்னுமில்ல. காலண்டர் பாக்கத் தேவையில்ல, உங்க சட்டய பாத்தாலே தெரிது.”

ஒரு வாரம் வீட்டுப்பாடம் கொடுத்தேன். இந்த வளாகத்தில் எல்லோரும் நம்புகிற ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு, இரண்டு ஆதாரங்களோடு அது மெய்யா என்று பார்த்து வாருங்கள். ஒருவன் கேன்டீனில் ‘இன்றைய ஸ்பெஷல்’ என்பது நேற்றையது என்று நிரூபித்தான். ஆதாரம் ஒன்று சமையல்காரர், ஆதாரம் இரண்டு அவன் வயிறு. பிறகு நகரியிலிருந்து வருகிற ஒரு பெண் எழுந்தாள். விசைத்தறி வைத்திருக்கும் வீட்டுப் பெண். வகுப்பில் அதிகம் வாய் திறக்காதவள். கையில் ஒரு தாள்.

“சார், உங்க ரூம் கதவுல இருக்கற பேரு உங்க பேரு இல்ல” என்று தெலுங்கில் ஆரம்பித்தவள், என்னைப் பார்த்துத் தமிழுக்கு மாறினாள். “அது உங்க நைனா பேருதானே சார்? எங்க ஊட்லயும் அப்டிதான் போடுவாங்க.”

வகுப்பு அமைதியானது. இந்தத் தடவை நான் தலையைத் தூக்கிப் பார்த்ததால் அல்ல.

அவள் ஆதாரங்களைப் படித்தாள். ஒன்று, எங்கள் நூலகத்துப் பட்டியலிலேயே இருக்கும் என் பழைய ஆய்வேடு. யாரும் கடன் வாங்காத தடித்த புத்தகம். முதல் பக்கத்தில் பெயர் முழுசாக இருந்ததாம். இரண்டு, அலுவலகத்தில் ஒட்டியிருந்த பணிமூப்புப் பட்டியல். படித்துவிட்டு, கடைசியில் என் பெயரை வாய்விட்டுச் சொன்னாள். அந்தக் கட்டடத்துக்குள் முப்பது வருஷத்தில் முதல் தடவை. பலகையில் ஏதோ எழுதப் போகிறவன் மாதிரி திரும்பிக்கொண்டேன். எழுத ஒன்றுமில்லை. சும்மா ஒரு கோடு போட்டேன், சாக்பீஸ் ஒடிந்தது. “கரெக்ட்” என்று பலகையிடம் சொன்னேன்.

இதற்குப் பிறகு அந்தப் புதன்கிழமையை விட்டுக்கொடுக்க எனக்கு எப்படி மனசு வரும்? அது போனால் வாரத்தில் எனக்கு மிஞ்சுவது டீக்கடைக்காரர், ஏடிஎம், ஒரு செடி.

கடைசித் தேர்வு வந்தது. பரீட்சை என்றால் எங்கள் ஊரில் ஒரு சம்பிரதாயம் இருக்கிறது. பை வெளியே, புத்தகம் வெளியே, போன் வெளியே. யாரும் என்னிடம் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. நானே ஒரு அட்டைப்பெட்டியை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று, ஒவ்வொருவரிடமும் போனைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டேன். பிடுங்கும்போது என் முகத்தில் ஒரு பறக்கும் படை அதிகாரியின் களை இருந்திருக்கும். பெட்டியைப் பிடித்துக்கொண்டிருந்த அட்டெண்டர் அம்மா என் காதருகே வந்தாள்.

“ஏன் சார், தேடறது எப்டின்னு நாலு மாசமா சொல்லிக் குட்த்தீங்க. இப்போ தேடற சாமான பூரா வெளிய வெச்சிட்டு இன்னாத்த எய்த சொல்றீங்க?”

“ஷ்ஷ்” என்றேன். முப்பது வருஷப் பழக்கம்.

இந்தத் தடவை யாரும் பதினைந்து நிமிஷத்தில் முடிக்கவில்லை. ஒரு மணி நேரமும் உட்கார்ந்திருந்தார்கள். கேள்வியைப் படித்தார்கள், என்னைப் பார்த்தார்கள், மறுபடி படித்தார்கள். நகரிப் பெண் கை தூக்கினாள். “சார், லைப்ரரிக்கு போய்ட்டு அஞ்சு நிமிசத்துல வந்துடட்டா?” பரீட்சை நடுவில் வெளியே விடமாட்டேன் என்றேன். அவள் குனிந்து எதையோ டிக் செய்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் என் அறையில், என் அப்பாவின் பெயர் போட்ட கதவைச் சாத்திக்கொண்டு, திருத்த உட்கார்ந்தேன். முதல் தாளில் ஐந்தாவது கட்டம் ஒன்பது இடத்தில். இரண்டாவது தாளில் பதினொன்று. நகரிப் பெண் பன்னிரண்டு. தெரிந்ததற்கு மட்டும் விடை எழுதியிருந்தார்கள், எழுதியதில் பெரும்பாலும் சரி. மற்ற இடத்தில் எல்லாம் ‘பார்த்துத்தான் சொல்லணும்’. நான்கு மாசம் நான் தொண்டை கிழியச் சொன்னதை அப்படியே செய்திருந்தார்கள். நான் வைத்த விடைத்தாளின்படி அத்தனையும் பூஜ்யம். சராசரி பதினொன்றிலிருந்து ஏழுக்கு இறங்கியிருந்தது. தேடத் தெரியுமா என்று பார்க்க, தேடக் கூடாது என்ற விதியோடு ஒரு பரீட்சை வைத்த மகானுபாவன் ஆந்திராவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

சிரிப்பாகவும் வந்தது. தாள்களை மறுபடி ஒரு முறை புரட்டினேன். கடைசிப் பெஞ்சு மகராஜன் ஒருவன் இருபதுக்கு இருபதும் ஐந்தாவது கட்டத்தையே டிக் செய்திருந்தான். அதில் ஒரு கேள்வி, ‘இந்த நூலகம் எந்த ஊரில் இருக்கிறது?’ பிள்ளைகள் பதறாமல் தொடங்கட்டும் என்று நான் வைத்தது.

தாள்களைத் தூக்கிக்கொண்டு துறைத் தலைவரிடம் போனேன். அவர் அரக்கை உடைத்தார், விடைத்தாளைப் பார்த்தார், மதிப்பெண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“ஏமண்டீ” என்று அப்பா பெயர் சேர்த்து என்னைக் கூப்பிட்டார். “நீங்கள் பாடம் நடத்தியதில் பிள்ளைகளுக்கு இருந்த புத்தியும் போய்விட்டதா?”

நான் நடந்ததைச் சொன்னேன். மேஜை அதிர அதிர அவர் சிரித்தார். பிறகு, சொன்னேனே, நல்ல மனிதர் என்று, உடைத்த உறையைக் குப்பையில் போட்டுவிட்டுப் புது உறை ஒன்றை எடுத்து என் பக்கம் தள்ளினார். “அந்தக் கட்டத்துக்கும் ஒரு மார்க் என்று வேறு தாள் எழுதிக் கொடுங்கள். நானே அரக்கு வைக்கிறேன். பழைய தேதி போட்டுக்கொள்வோம். சராசரி பதினேழுக்குப் போய்விடும். புதன்கிழமை உங்களுக்கு.”

கையில் பேனா இருந்தது. உறையும் வெள்ளையாக நன்றாகத்தான் இருந்தது. “திங்கட்கிழமை சொல்கிறேன் சார்” என்றேன்.

சனிக்கிழமை பாசஞ்சரில் ஜன்னலோரம் உட்கார்ந்து மனைவிக்குப் போன் போட்டுக் கதையைச் சொன்னேன்.

“போட்டுட வேண்டியதுதானேங்க? யாருக்கு நஷ்டம்? உங்களுக்கும் பேச்சுத் தொண கெடைக்கும்.”

“அதான் பார்க்கிறேன்.”

“இன்னாத்த பாக்கறது? வாரம் பூரா ஊமையாட்டம் கீறீங்க. இந்த கிளாஸு வந்தப்பறம்தான் போன்ல ரெண்டு நிமிசம் சேத்து பேசறீங்க… இரு இரு, வரேன். கொயந்த அயுதுங்க, அப்பால பேசறேன்.”

பாகாலாவில் வண்டி நின்றது. டீ வாங்கினேன். அவள் சொன்னது சரிதான், யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அந்தப் புது உறையின்படி கணக்குப் பார்த்தால் வகுப்பில் முதல் மதிப்பெண் கடைசிப் பெஞ்சு மகராஜனுக்கு. திருப்பதியில் உட்கார்ந்துகொண்டு இது எந்த ஊர் என்று தெரியாதவன். அதையாவது ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம். அந்தப் பதினேழை என்ன செய்வது? ஆசிரியர், தலைப்பு, வருஷம், பக்க எண் எல்லாம் பிசகாமல் இருந்த அந்த மூன்று புத்தகங்களின் ஞாபகம் வந்தது. எல்லாம் இருந்தது, புத்தகம் மட்டும் இல்லை. இந்தப் பதினேழும் அந்த வகைதான். போனைத் திட்டி வகுப்பு ஆரம்பித்தவன், போன் செய்த வேலையையே கையால் செய்யப் பார்க்கிறேன். நகரிப் பெண் இரண்டு ஆதாரம் கேட்டால் எதைக் காட்டுவேன்?

டீ ஆறிப்போய்விட்டது. வண்டி கிளம்பும் நேரமாகிவிட்டதால் தம்ளரைத் திருப்பிக் கொடுக்க ஓட வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை துறைத் தலைவரிடம் போய், இன்னொரு தேர்வு வைக்கலாம், நூலகத்துக்குள்ளேயே, போனும் புத்தகமும் கையில் கொடுத்து, அப்போது எவ்வளவு வருகிறதோ அதுதான் கணக்கு என்றேன். அவர் நாட்காட்டியைக் காட்டினார். பிள்ளைகளுக்கு வியாழக்கிழமை செமஸ்டர் பரீட்சை, அதோடு ஊருக்குப் போய்விடுவார்கள். “உறைதான் இருக்கிறது” என்றார். உறை வேண்டாம் என்றேன்.

பெருமூச்சு விட்டு அறிக்கைப் படிவத்தை நீட்டினார். அதில் எழுதினேன்: தேர்வு தப்பாக வைக்கப்பட்டது, தப்பு என்னுடையது. கடைசியில் ஒரு கேள்வி இருந்தது. மாணவர்கள் இந்த வகுப்பால் பயனடைந்தார்களா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். ‘ஆம்’ என்று டிக் அடிக்கக் கை துடித்தது. அதற்கு ஆதாரம் என் மனசு ஒன்றுதான். இரண்டாவது ஆதாரம் இல்லை. ஓரத்தில் ஸ்கேல் வைத்து மூன்றாவதாக ஒரு கட்டம் வரைந்து, பக்கத்தில் அதே இரண்டு வார்த்தையை எழுதி, டிக் செய்து கொடுத்தேன். அவர் படித்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

“உங்களைப் போல ஒரு ஆளை நான் பார்த்ததில்லை” என்றார். பிறகு என் பெயரைச் சொன்னார். என் பெயரை, அப்பா பெயரை இல்லை. யார் அவருக்குச் சொன்னார்கள் என்று தெரியாது. சொல்லிவிட்டு, கீழே ‘பரிந்துரை இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். படிவம் படிவம்தானே.

இந்தச் செமஸ்டரில் புதன்கிழமை மூன்று மணிக்கு ஆளுமை வளர்ச்சிக்காரர் வருகிறார். மைக் வைத்திருக்கிறார். பிள்ளைகள் கை தட்டுகிற சத்தம் நூலகம்வரை கேட்கிறது. நான் தலையைத் தூக்கிப் பார்க்கிறேன். அடங்குவதில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கை தானாக இஸ்திரிப் பெட்டியிடம் போகிறது. பெயர்ப் பலகையை மாற்றச் சொல்லி மனு கொடுத்திருக்கிறேன். நீங்கள்தான் அந்த ஆள் என்பதற்கு இரண்டு சான்றுகள் இணைக்கவும் என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அட்டெண்டர் அம்மா அதுவரைக்கும் இருக்கட்டும் என்று ஒரு தாளில் என் பெயரை எழுதிக் கதவில் பசை போட்டு ஒட்டினாள். மின்விசிறி போட்டால் தாள் பறக்கிறது. தினமும் காலையில் வந்ததும் அதை எடுத்து மறுபடி ஒட்டுகிறாள், திட்டிக்கொண்டே.

போன சனிக்கிழமை சித்தூரில் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். எதிரில் கேட் திறந்தது.

“இன்னாண்ணா, அண்ணி எப்போ வருது?”

‘அடுத்த’ வரை வாய் வந்துவிட்டது. ஒன்றரை வருஷமாக ஒரே விடையை அழுத்தி அழுத்தி டிக் செய்த வாய். அப்படியே நின்றது.

“தெரியலம்மா. பார்த்துத்தான் சொல்லணும்.”

கேட் மூடிக்கொள்ளும் என்று காத்திருந்தேன். மூடவில்லை. அவள் தெருவைத் தாண்டி எங்கள் வாசல்வரைக்கும் வந்துவிட்டாள், ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே.

“ஏண்ணா, இன்னா ஆச்சு?”

“ஒன்றும் ஆகலை. குழந்தைக்கு மூன்று வயசு ஆனால் ஸ்கூலில் போடுவார்கள். அதற்கப்புறமும் மகள் விடுவாளா, இவளுக்குக் கிளம்ப மனசு வருமா, எனக்குத் தெரியவில்லை. இவ்வளவு நாளும் சும்மாதான் அடுத்த மாசம் அடுத்த மாசம் என்று சொன்னேன்.”

அவள் கறிவேப்பிலைச் செடியிலிருந்து ஒரு காய்ந்த இலையைக் கிள்ளிப் போட்டாள்.

“எங்க ஊட்டுக்காரு குவைத்துக்கு போயி ஏயு வருசம் ஆவுது. யாரு கேட்டாலும் நானும் அடுத்த மாசம்னுதான் சொல்லினு கீறேன்.”

குவைத்தில் இருக்கிறார் என்பதே எனக்குத் தெரியாது. ஏதோ நைட் டூட்டி போகிறவர் போலிருக்கிறது, அதனால்தான் கண்ணில் படுவதில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். யார் சொன்னார்கள் என்று கேட்டால், யாரும் சொல்லவில்லை. தகவலைச் சலிக்கக் கற்றுக்கொடுத்தவன் நான்.

“எதுக்கு ஏயு வருசம்?” என்றேன். முப்பது வருஷமாக என் வாயில் வராத எங்கள் ஊர்ப் பேச்சு தானாக வந்தது.

“அத்த ஏண்ணா கேக்கற,” என்று எங்கள் படியில் உட்கார்ந்தாள். “அது பெரிய கத.”

பக்கெட்டைக் கீழே வைத்தேன். அன்று செடிக்குத் தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டேன்.